உமக்கு வந்ததை எழுதும்
(நூற்றாண்டு விழா விஞ்ஞான தின நிகழ்வில் பழைய மாணவியான வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரை)



புற்றுநோய் பற்றிப் பேசும்படி சங்கம் என்னைக் கேட்டது. புற்றுநோய் மாநாட்டுக்கு ஆய்வுச் சுவரொட்டி அனுப்புவது பற்றிப் பேசுகிறேன் என்றேன். "பிள்ளைகளுக்கு விளங்குமோ?" என்று செயலாளர் யோசித்தார். விளங்கும். அதற்கான முதற் பாடத்தை நான் இந்தப் பாடசாலையின் ஆய்வுகூடத்தில்தான் படித்தேன்.

உயர்தர வகுப்பில் ஒருநாள் நியமிப்புச் செய்முறை. என் அளவியின் வாசிப்பு மட்டும் மற்றவர்களுடையதோடு பொருந்தவில்லை. பக்கத்து மேசைத் தோழியின் வாசிப்பைப் பார்த்து என்னுடையதைத் திருத்தினேன். இரசாயனவியல் ரீச்சர் கண்டுவிட்டார். ஏசவில்லை. "பிள்ளை, உமக்கு வந்ததை எழுதும். பிழையெண்டால் திரும்பச் செய்யும். வராததை எழுதாதையும்" என்றார்.

பெரிய மாநாடுகளில் மேடையில் பேசும் வாய்ப்புச் சிலருக்கே கிடைக்கும். ஏனையோர் தமது ஆய்வைப் பெரிய தாளில் அச்சிட்டு, மண்டபத்தில் தொங்கவிட்டு, அருகில் நின்று விளக்குவார்கள். அதுவே ஆய்வுச் சுவரொட்டி. அதற்கு முதலில் ஆய்வுச் சுருக்கம் அனுப்பவேண்டும். அஸ்கோ எனப்படும் அமெரிக்கப் புற்றுநோயியல் சங்கத்தின் ஆண்டு மாநாடு யூன் ஆரம்பத்தை ஒட்டிச் சிக்காகோவில் நடைபெறும். சுருக்கம் பல மாதங்களுக்கு முன்பே போய்ச் சேரவேண்டும். தலைப்பும் அட்டவணையும் உட்பட, இடைவெளிகள் நீங்கலாக, 2,600 எழுத்துகளே அதற்கு எல்லை. பின்னணி, முறை, பெறுபேறு, முடிவு எல்லாம் அதற்குள் அடங்கவேண்டும்.

என் முதலாவது சுருக்கம் மார்புப் புற்றுநோய் பற்றியது. தூரத்துக் கிராமங்களிலிருந்து வரும் பெண்கள் நோய் முற்றிய பின்னரே வருகிறார்களா என்று கிளினிக் கோவைகளைப் பார்த்துக் கணித்தேன். ஆம் என்றே விடை வந்தது. புள்ளிவிபரவியலில் 'பி' பெறுமானம் என்று ஒன்று உண்டு. உண்மையில் வேறுபாடே இல்லாதபோது, இவ்வளவு வேறுபாடு தற்செயலாகத் தோன்றும் வாய்ப்பு எவ்வளவு என்பதை அது சொல்லும். 0.05 இற்குக் குறைந்தால் பொருட்படுத்தத்தக்கது என்பது வழக்கம். எனக்கு மட்டுமட்டாகக் குறைந்திருந்தது. சந்தோசம் தாங்கவில்லை.

இறுதித் திகதிக்கு முதல்நாள் இரவு, எல்லாவற்றையும் மீண்டும் சரிபார்த்தேன். இரண்டு பெண்களின் பிறந்த திகதியும் ஊரும் ஒன்றாக இருந்தன. ஒரு கோவையில் தகப்பனின் முதலெழுத்து, மற்றதில் கணவனின் முதலெழுத்து. இருவரும் ஒருவரே. நான் ஒரு பெண்ணை இரண்டு முறை எண்ணியிருந்தேன். ஒன்றை நீக்கியதும் பெறுமானம் 0.05 ஐத் தாண்டிவிட்டது.

"ஒரு ஆள்தானே, ஆர் பாக்கப்போகினம்?" என்றார் கூட வேலை செய்த ஒருவர். உண்மைதான், ஒருவரும் பார்க்கமாட்டார்கள். ஆனால் எனக்கு அந்த அளவியும் ரீச்சரின் குரலும் நினைவுக்கு வந்தன. முடிவை மாற்றி எழுதினேன்: "தூரத்துக்கும் நோயின் நிலைக்கும் தெளிவான தொடர்பு காணப்படவில்லை. ஆய்வு சிறியது." ஏற்கமாட்டார்கள் என்றே நினைத்தேன். ஏற்றுக்கொண்டார்கள்.

சிங்கப்பூரில் சுவரொட்டியின் பக்கத்தில் நின்றபோது, வேற்றுநாட்டு வைத்தியர் ஒருவர் ஆறுதலாக வாசித்துவிட்டுக் கேட்டார்: "தூரம் காரணமில்லையென்றால், ஏன் பிந்தி வந்தார்கள்? அவர்களிடம் கேட்டீர்களா?" நான் கேட்கவில்லை. கோவைகளை மட்டுமே புரட்டியிருந்தேன்.

திரும்பி வந்து, நெறிமுறைக் குழுவின் அனுமதி பெற்று, அந்தப் பெண்களோடு இருந்து கதைத்தேன். மகளின் கலியாணம் முடியட்டும் என்று ஓர் அம்மா பொறுத்திருந்தார். வெளிநாட்டிலுள்ள மகன் பதறுவான் என்று இன்னொருவர் மறைத்தார். வேறொருவர், "நோகேல்லைத்தானே, அதால ஒண்டுமில்லை எண்டு விட்டிட்டன்" என்றார். மார்புப் புற்றுநோய்க் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் நோகாது என்பதை எவரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. முதல்நாள் வந்த கணக்கையே அனுப்பியிருந்தால், விடை கிடைத்துவிட்டது என்று நானும் கோவையை மூடியிருப்பேன்.

ஆய்வு செய்யப்போகும் தங்கைமாருக்குச் சில வார்த்தைகள். நெறிமுறை அனுமதியைத் தரவு சேர்க்க முன்னரே பெறுங்கள். பெயர் போடும் ஒவ்வொருவருக்கும் இறுதிப் பிரதியைக் காட்டிச் சம்மதம் கேளுங்கள். நோயாளியை அடையாளம் காட்டும் படமோ விபரமோ வேண்டாம். சுவரொட்டியில் எழுத்தைக் குறையுங்கள். 2019 இல் மைக் மொரிசன் என்ற அமெரிக்க ஆய்வு மாணவர், முக்கிய முடிவை நடுவில் பெரிய எழுத்தில், சாதாரண மொழியில் போடுங்கள் என்றார். நல்ல யோசனை. பெறுபேறு நினைத்தபடி வராவிட்டாலும் அனுப்புங்கள்.

அக்காமாருக்கு ஒரு வேண்டுகோள். மார்பில் கட்டி தென்பட்டால், நோகாவிட்டாலும், கலியாணமோ திருவிழாவோ முடியும்வரை பொறுக்கவேண்டாம். உடனே வைத்தியரிடம் காட்டுங்கள். இலங்கையில் இருப்பவர்கள், ஒன்றும் தென்படாவிட்டாலும், பிரதேச சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் சுகவனிதையர் கிளினிக்குக்கு ஒருமுறை போய்வாருங்கள்.

அன்று என்னைத் திருத்திய ரீச்சர் இன்று முன்வரிசையில் இருக்கிறார். ரீச்சர், எனக்கு வந்ததைத்தான் எழுதினேன்.