தகரக் கூரைக்குக் கீழே பனி ஒழுகினால்

(மீள்குடியேறும் குடும்பங்களுக்கான தகவற் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



1990இலும் 1991இலும் ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு, மண்டைதீவு என்று விட்டுப்போன வளவுகளுக்கு நீங்கள் திரும்பி வந்திருக்கிறீர்கள். நயினாதீவு, நெடுந்தீவு ஆட்கள் குறிகட்டுவானில் வள்ளம் ஏறித் தகரத்தையும் சீமெந்தையும் கொண்டுபோக வேண்டியவர்கள். பழைய வீட்டைத் திருத்தி முடிக்கும் வரை தகரக் கொட்டிலிலோ தறப்பாளின் கீழோதான் இருக்க வேண்டும். அந்தக் கொட்டிலைப் பற்றிய ஒரு சின்ன விஷயத்தைத்தான் இன்று சொல்லப் போகிறேன். சின்னதாகத் தெரிந்தாலும் பிள்ளைகளின் நெஞ்சையும் உங்கள் காணி உறுதியையும் தொடுகிற விஷயம் இது.

மார்கழி, தை மாதங்களில் மழை ஓய்ந்து வானம் வெளிக்கும். அந்த நாட்களில் விடியப்புறம் எழும்பிப் பார்த்தால் பாய் நனைந்திருக்கும், போர்வை நனைந்திருக்கும். மழை பெய்யவில்லை. தகரத்தில் ஓட்டையும் இல்லை. அப்படியானால் தண்ணீர் எங்கிருந்து வந்தது?

ஒழுக்கா, பனியா?

முதலில் இதைப் பிரித்தறிய வேண்டும். விடியப்புறம் 4 மணி, 5 மணிக்கு ரோச் அடித்துத் தகரத்தின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். மழை ஒழுக்கு என்றால் ஆணி அடித்த இடத்தில் அல்லது தகரம் ஒன்றன்மேல் ஒன்று படிகிற இடத்தில் மட்டும் ஈரம் இருக்கும். தகரம் முழுவதும் முத்து முத்தாகத் துளி நின்றால் அது ஒழுக்கு அல்ல. அது கொட்டிலுக்குள் இருந்த காற்றின் ஈரம். அதற்குத் தார் பூசியோ ஆணியை மாற்றியோ பயனில்லை. காசுதான் வீண்.

நிலத்தின் ஈரத்தையும் இதே போலப் பார்க்கலாம். ஒரு பொலித்தீன் துண்டை இரவில் நிலத்தில் விரித்து ஓரங்களில் கல் வையுங்கள். காலையில் அதன் அடிப்பக்கம் நனைந்திருந்தால் ஈரம் நிலத்திலிருந்து ஏறுகிறது. மேற்பக்கம் நனைந்திருந்தால் காற்றிலிருந்து இறங்குகிறது.

ஏன் இப்படி நடக்கிறது?

காலையில் யாழ்ப்பாணம் போகிற மினிபஸ்ஸை நினைத்துப் பாருங்கள். ஆட்கள் நிறைந்து, குளிர் என்று யன்னலை எல்லாம் பூட்டினால் கண்ணாடி முழுவதும் புகார் பிடிக்கும். சாரதி துணியால் துடைப்பார். பண்ணைப் பாலம் வருவதற்குள் மறுபடியும் மறைக்கும். யன்னலைக் கொஞ்சம் திறந்துவிட்டால் தானாகவே தெளியும். உங்கள் கொட்டிலிலும் இதுதான் நடக்கிறது.

சூடான காற்று அதிக ஈரத்தைத் தாங்கும், குளிர்ந்த காற்றால் அவ்வளவு தாங்க முடியாது. வானம் வெளித்த இரவில் தகரம் தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடும். அதனால் சுற்றியுள்ள காற்றை விடவும் தகரம் குளிர்ந்துபோகும். உள்ளே இருக்கிற ஈரக்காற்று அதில் பட்டவுடன் தண்ணீராக மாறும். முகில் மூடிய இரவில் துளி குறைவாகவும் வானம் வெளித்த, காற்றில்லாத இரவில் அதிகமாகவும் இருப்பது இதனால்தான்.

உள்ளே அவ்வளவு ஈரம் எப்படி வருகிறது என்று கேட்பீர்கள். நித்திரை கொள்கிற ஒருவர் மூச்சாலும் தோலாலும் ஓர் இரவில் ஏறத்தாழக் கால் லீற்றர் தண்ணீரை வெளியே விடுகிறார். ஐந்து பேர் என்றால் ஒரு லீற்றருக்கு மேல். மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாக வரும். இதோடு உலை கொதிக்கிற ஆவி, உள்ளே காயப்போட்ட உடுப்பு, மூலையில் குவித்த ஈர வலை எல்லாம் சேரும்.

செய்ய வேண்டியவை

குளிருக்குப் பயந்து எல்லா இடுக்கையும் சாக்கால் அடைப்பதுதான் பெரும்பாலும் நடப்பது. அது ஈரத்தை உள்ளே பூட்டிவிடும். பாயின் மேல் நேரே காற்றுப் படாமல் கீழே மறையுங்கள், மேலே திறந்து விடுங்கள். முகட்டுக்குக் கீழே இரண்டு பக்கமும் ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும். பாம்பு, வௌவால் வராமல் பழைய வலைத் துண்டை இரண்டு மடிப்பாகக் கட்டிவிடுங்கள். வாடைக்காற்று அடிக்கிற பக்கத்துக்கு மட்டும் மழைச்சாரல் படாதபடி ஓலைத் தட்டி ஒன்றைச் சரித்துக் கட்டினால் போதும்.

சமையலை வெளியே ஒத்தாப்பு இறக்கி அங்கே வையுங்கள். ஈர உடுப்பும் வலையும் உள்ளே வேண்டாம். தண்ணீர்ப் பானையை மூடி வையுங்கள். வெயில் ஏறியதும் கதவையும் தட்டியையும் திறந்து, பாய் தலையணையை வேலியில் போடுங்கள். வெயில் சாய்வதற்கு முன் எடுத்துவிடுங்கள், கடற்காற்றில் மறுபடியும் ஈரம் பிடிக்கும்.

கூரையை இனித்தான் போடப் போகிறவர்கள் முகட்டைச் சுவர் மட்டத்திலிருந்து 3 அடியாவது உயர்த்துங்கள். சரிவு கூடினால் துளி பாயில் விழாமல் தகரத்தோடு ஓடித் தாழ்வாரத்தில் இறங்கும். ஏற்கனவே போட்டவர்கள் தகரத்துக்குக் கீழே நாலு விரல் இடைவெளி விட்டுக் கிடுகோ பனையோலையோ கட்டலாம். விழுகிற துளியை ஓலை ஏந்தும், பகலில் தானாகக் காய்ந்துவிடும். பகல் வெக்கையும் குறையும். ஈர ஓலை தகரத்தில் ஒட்டிக்கிடந்தால் தகரம் துருப்பிடிக்கும், ஆகையால் இடைவெளி அவசியம். விளக்கை ஓலைக்குக் கீழே தொங்கவிட வேண்டாம்.

நிலம் ஈரமென்றால் ஒரு சாண் உயரத்துக்கு மண் போட்டு இடித்து, பொலித்தீன் விரித்து, அதன் மேல் பாயைப் போடுங்கள். குழந்தைகளையும் முட்டு வருத்தம் உள்ளவர்களையும் வாங்கிலோ கட்டிலிலோ படுக்க விடுங்கள். சுவரிலும் துணியிலும் கறுப்பாகப் பூஞ்சணம் பிடித்தால் சவர்க்காரத் தண்ணீரால் துடைத்து வெயிலில் காயவிடுங்கள். அந்த மணம் உள்ள இடத்தில் முட்டு வருத்தம் கூடும்.

ஒரு எச்சரிக்கை

குளிர் போகட்டும், ஈரம் காயட்டும் என்று தணற் சட்டியை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டிக்கொண்டு படுக்க வேண்டாம். பிள்ளை பெற்ற தாய்க்குத் தணல் வைக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. அந்த நேரத்தில் கதவு திறந்திருக்க வேண்டும், விழித்திருக்கும் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும், நித்திரைக்கு முன் சட்டி வெளியே போக வேண்டும். தணலிலிருந்து வருகிற காபனோரொட்சைட்டு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நித்திரையிலேயே உயிரை எடுத்துவிடும். ஓலைக் கொட்டிலை விடத் தகரமும் தறப்பாளும் காற்றை இறுக்கி அடைப்பதால் ஆபத்தும் அதிகம்.

உறுதியும் பத்திரங்களும்

இத்தனை வருடமாகப் பல இடங்களுக்குக் கையில் கொண்டு திரிந்து காப்பாற்றிய உறுதி, சொந்த வளவில் வந்து பூஞ்சணம் பிடித்துப் போகக்கூடாது. எல்லையைக் காட்டவும் வீட்டுத்திட்டத்துக்கு விண்ணப்பிக்கவும் அதுதான் கையில் இருக்க வேண்டும்.

பொலித்தீன் பையில் போட்டு இறுக்கிக் கட்டினால் பத்திரம் என்று நினைக்கிறோம். ஈரக்காற்றோடு சேர்த்துக் கட்டினால் பைக்குள்ளும் பனி பிடிக்கும். நல்ல வெயில் நாளில் மதியம் போல, உறுதி, பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், பங்கீட்டு அட்டை எல்லாவற்றையும் நிழலில் விரித்து ஒரு மணித்தியாலம் உலர விடுங்கள். மூடி இறுக்கமான பிஸ்கற் தகரப்பேணி ஒன்றை எடுங்கள். இரண்டு பிடி அரிசியை வறுத்து, ஆறவிட்டு, துணியில் முடிந்து அடியில் வையுங்கள். மேலே ஒரு மட்டை, அதன் மேல் பத்திரங்கள். இரண்டு கிழமைக்கு ஒருமுறை அந்த அரிசியை மறுபடியும் வறுத்து வையுங்கள். உப்பு வைக்க வேண்டாம். மாரியில் உப்புச் சிரட்டை கசிவதை நீங்களே கண்டிருப்பீர்கள். பேணியை நிலத்திலோ தகரச் சுவரோடு ஒட்டியோ வைக்காமல் பறணில் நடுவாக வையுங்கள்.

நனைந்து ஒட்டிய தாள்களை இழுத்துப் பிரிக்க வேண்டாம். அடுப்புக்கு மேலே பிடிக்கவும் வேண்டாம். நிழலில் காற்றுப்பட வைத்தால் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரியும். உறுதி அழிந்துபோயிருந்தாலும் மனம் உடைய வேண்டாம். நொத்தாரிசு முடித்த உறுதியின் இரண்டாம் பிரதி காணிப் பதிவகத்தில் இருக்கும், அங்கே விண்ணப்பித்துப் பிரதி எடுக்கலாம். உறுதி இலக்கமும் நொத்தாரிசின் பெயரும் தெரிந்தால் தேடுவது சுலபம். இன்றைக்கே அவற்றை ஒரு கொப்பியில் எழுதி, வேறு ஊரில் இருக்கிற உறவினர் ஒருவரிடமும் ஒரு பிரதி கொடுத்து வையுங்கள்.

கடைசியாக, வள்ளத்தில் வந்து இறங்கிய தகரங்களைப் பற்றி. ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கையில் அடுக்கி வைத்தால் இடையில் நிற்கிற தண்ணீரால் வெள்ளைத் துருப் பிடிக்கும். உப்புத் தண்ணீர் பட்டிருந்தால் நல்ல தண்ணீரால் கழுவித் துடைத்து, இடையில் குச்சி வைத்து, சரித்து நிறுத்துங்கள். சீமெந்துப் பையைப் பலகைக்கு மேல், சுவரில் முட்டாமல் வையுங்கள்.

இன்று வீட்டுக்குப் போனதும் மூன்று காரியம் செய்யுங்கள். முகட்டுப் பக்கம் அடைத்த சாக்கை எடுங்கள். அடுப்பை வெளியே மாற்றுங்கள். உறுதியை எடுத்து உலர விடுங்கள். மூன்றுக்கும் காசு தேவையில்லை.