குளிரில் கேஸ் அடுப்பு

 

இன்று கேஸ் அடுப்பைப் பற்றிப் பேசப் போகிறேன். நம் மூணாறு மலையின் சனவரிக் குளிரை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டாம். சில நாள் காலையில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். அந்த நாளில் அடுப்பும் மக்கர் செய்யும்.

எங்கள் லயன் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு நாள் விடியற்காலை. அம்மா தேநீர் போட அடுப்பைப் பற்ற வைத்தார். தீ மிகச் சிறியதாக எரிந்தது. "கேஸ் தீர்ந்து போச்சு" என்றார். சிலிண்டர் வாங்கி இருபது நாள்கூட ஆகவில்லை. அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. மதியம் வெயில் வந்தது. மறுபடி பற்ற வைத்தோம். தீ நன்றாக எரிந்தது!

இது எப்படி? சிலிண்டருக்குள் கேஸ் தண்ணீர் போல இருக்கிறது. அது ஆவியாக மாறித்தான் அடுப்புக்கு வருகிறது. ஈரத்துணி வெயிலில் சீக்கிரம் காய்கிறது. பனியில் காய்வதில்லை. அதுபோலத்தான் இதுவும். சமையல் கேஸில் புரொப்பேன், பியூட்டேன் என்று இரண்டு வாயுக்கள் உண்டு. புரொப்பேன் கடுங்குளிரிலும் ஆவியாகும். பியூட்டேன், தண்ணீர் உறையும் அளவு குளிர் வந்தால் அடங்கிவிடும்.

அப்போது என்ன செய்யலாம்? ஒரு பர்னரை மட்டும் எரியுங்கள். சிலிண்டரைப் பனி படும் இடத்தில் வைக்காதீர்கள். வெயில் ஏறும் வரை பொறுங்கள்.

என்ன செய்யக் கூடாது? சிலிண்டர் மேல் சுடுதண்ணீர் ஊற்றக் கூடாது. பக்கத்தில் நெருப்பு வைக்கக் கூடாது. சிலிண்டரைப் படுக்க வைக்கவும் கூடாது. படுக்க வைத்தால் உள்ளே இருக்கும் திரவமே குழாய்க்குள் வந்துவிடும். தீ திடீரென்று பெரிதாகப் பாயும்.

கேஸ் இருக்கிறதா, தீர்ந்ததா? எடை பார்த்தால் தெரியும். காலி சிலிண்டரின் எடையை அதன் மேலேயே எழுதியிருப்பார்கள். வீட்டுச் சிலிண்டரில் கேஸ் மட்டும் 14.2 கிலோ. இரண்டையும் கூட்டுங்கள். சிலிண்டர் வரும்போது நிறுத்துக் காட்டச் சொல்லி வாங்குங்கள்.

அடுத்து, தீயின் நிறத்தைப் பாருங்கள். நீலமாக எரிந்தால் நல்லது. மஞ்சளாக எரிந்து பாத்திரத்தில் கரி பிடித்தால் கோளாறு. பர்னர் துளையில் அழுக்கு அடைத்திருக்கலாம். காற்று சரியாகக் கலக்காமல் இருக்கலாம். அடுப்பு ஆறிய பிறகு பர்னரை எடுத்துக் கழுவுங்கள். நன்றாகக் காய வைத்து மாட்டுங்கள். அப்படியும் மஞ்சளாக எரிந்தால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

எங்கள் அடுப்பும் மஞ்சளாகத்தான் எரிந்தது. நாங்கள் கவனிக்கவில்லை. அதே வாரம் ஓர் இரவு, தங்கை குளிரில் நடுங்கினாள். அப்பா கதவையும் சன்னலையும் அடைத்தார். இடுக்கில் சாக்கைத் திணித்தார். அறை சூடாகட்டும் என்று அடுப்பை எரியவிட்டுப் படுத்தோம். நடு இரவில் தங்கை வாந்தி எடுத்தாள். எனக்குத் தலை பிளப்பது போல வலித்தது. அம்மா எழுந்தார். கால் தள்ளாடியது. சுவரைப் பிடித்துக்கொண்டே போய்க் கதவைத் திறந்தார். வெளிக்காற்று வந்தது. பிழைத்தோம். அம்மா எழுந்திருக்காவிட்டால் நான் இன்று இங்கே நின்று பேச முடியாது.

காரணம் என்ன? மூடிய அறையில் தீ எரிந்தால் நல்ல காற்று குறையும். கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுக் காற்று உண்டாகும். அதற்கு நிறம் இல்லை. மணமும் இல்லை. தூங்குகிறவர் தூக்கத்திலேயே இறந்து போகலாம். கரி அடுப்பில் இந்த நச்சு இன்னும் அதிகம். தலைவலி, மயக்கம், வாந்தி வந்தால் உடனே எல்லோரும் வெளியே வாருங்கள். மருத்துவமனைக்குப் போங்கள்.

கேஸ் கசிந்தால் மட்டும் மூக்குக்குத் தெரியும். அதற்காகவே அதில் நாற்றம் கலக்கிறார்கள். நாற்றம் வந்தால் தீக்குச்சி கிழிக்காதீர்கள். எந்த சுவிட்சையும் தொடாதீர்கள். ரெகுலேட்டரை மூடுங்கள். கதவு, சன்னலைத் திறங்கள். வெளியே வந்து 1906 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். இரவிலும் எடுப்பார்கள்.

அடுப்பு சமைப்பதற்கு. குளிருக்குக் கம்பளி இருக்கிறது. இன்று இரவு படுக்கும் முன் ரெகுலேட்டரை மூடிவிட்டீர்களா என்று ஒரு தடவை பாருங்கள்.