எத்தனை நிமிஷம், சார்?

(அறிவியல் ஆசிரியர்களுக்கான பயிற்சிக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மாணவர் கேட்டு, ஆசிரியரால் பதில் சொல்ல முடியாமல் போன ஒரு கேள்வியைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். தலைப்பைக் கேட்டதும் எனக்கு ஒரே ஒரு கேள்விதான் நினைவுக்கு வந்தது. அது பாடப் புத்தகத்தில் இருந்து வந்த கேள்வி அல்ல. என் சைக்கிளைப் பார்த்துக் கேட்ட கேள்வி.

நாற்பத்திரண்டு வயதில், சர்க்கரை எட்டிப் பார்க்கிறது என்று மருத்துவர் சொன்ன பிறகு நான் சைக்கிளுக்குத் திரும்பினேன். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் வண்டலூர் – மீஞ்சூர் வெளிவட்டச் சாலைப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், நெமிலிச்சேரியிலிருந்து பூந்தமல்லி வரை எத்தனை பேர் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு மிதிக்கிறார்கள் என்று. அவர்களில் நானும் ஒருவன் ஆனேன். அப்படியே டிரையத்லான் என்ற போட்டி அறிமுகமாயிற்று. முதலில் நீச்சல், பிறகு சைக்கிள், கடைசியில் ஓட்டம். மூன்றையும் இடைவிடாமல் செய்ய வேண்டும். ஒலிம்பிக் தூரம் என்றால் 1.5 கி.மீ. நீச்சல், 40 கி.மீ. சைக்கிள், 10 கி.மீ. ஓட்டம். என்னைப் போன்றவர்கள் கலந்துகொள்ளும் போட்டிகளில் ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டிக்கொண்டு காற்றுக்கு மறைந்து ஓட்டக் கூடாது என்பது பொதுவான விதி. அவரவர் காற்றை அவரவரே கிழித்துக்கொண்டு போக வேண்டும்.

அங்கேதான் செலவு தொடங்கியது. முழங்கைகளை ஊன்றிக் கைகளை முன்னால் நீட்டிக்கொள்ள ஹேண்டில்பாரில் பொருத்தும் கம்பிகள் வாங்கினேன். பின்பக்கம் கூர்மையாக நீண்ட ஒரு ஹெல்மெட் வாங்கினேன். அடுத்து, பக்கவாட்டில் அகலமான சக்கரங்களுக்கு விலை கேட்டேன். அது என் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டியது. வீட்டில் சொல்லவில்லை.

ஒரு சனிக்கிழமை சிறப்பு வகுப்புக்கு அந்தச் சைக்கிளிலேயே போனேன். பதினோராம் வகுப்பு மாணவன் ஒருவன் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். “இதெல்லாம் போட்டா வேகம் கூடுமா சார்?” என்றான். “நிறையக் கூடும்பா” என்றேன். “நிறையன்னா எத்தனை நிமிஷம், சார்?”

இயற்பியல் ஆசிரியர் நான். விசை, திறன், பாய்மம் எல்லாம் ஆண்டுதோறும் நடத்துகிறேன். என்னிடம் பதில் இல்லை. விளம்பரத்தில் படித்ததை நம்பிப் பணம் கொடுத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

காற்றுத்தடைக்குப் பெரிய ஆற்றல் உண்டு என்பதில் சந்தேகமே இல்லை. 1989ஆம் ஆண்டு டூர் டி பிரான்ஸ் போட்டியின் கடைசி நாள், வெர்சாய்லிலிருந்து பாரிஸ் வரை 24.5 கி.மீ. தனியாக ஓட்ட வேண்டும். பிரான்சின் லோரான் ஃபின்யோன் 50 விநாடி முன்னிலையில் இருந்தார். அமெரிக்கரான கிரெக் லெமாண்ட், டிரையத்லான் வீரர்கள் அதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே பயன்படுத்திவந்த அதே முன்கம்பிகளைப் பொருத்திக்கொண்டு வந்தார். ஃபின்யோன் சாதாரண ஹேண்டில்பார், தலையில் ஹெல்மெட் இல்லை, பின்னால் குதிரைவால் முடி. லெமாண்ட் 58 விநாடி வேகமாக முடித்தார். மூவாயிரம் கி.மீ.க்கு மேல் ஓடிய போட்டியில் மொத்த வித்தியாசம் 8 விநாடி. ஆனாலும் இதை மட்டும் வைத்துக் கம்பிதான் காரணம் என்று முடிவு கட்ட முடியாது. இருவரும் வேறு வேறு ஆட்கள். அன்றைக்கு யாருக்கு உடம்பு எப்படி இருந்ததோ!

இதைவிட நல்ல சான்று இங்கிலாந்தின் கிறிஸ் போர்ட்மேன். ஒரு மணி நேரத்தில் எவ்வளவு தூரம் போகலாம் என்பது பழைய சாதனைப் போட்டி. 1996இல் அவர் கைகளை முழுவதும் முன்னால் நீட்டிய நிலையில் 56.375 கி.மீ. போனார். பிறகு விதி மாறியது. 1972இல் எடி மெர்க்ஸ் ஓட்டியது போன்ற பழைய பாணிச் சைக்கிளில், பழைய பாணியில் உட்கார்ந்துதான் ஓட்ட வேண்டும் என்றார்கள். 2000ஆம் ஆண்டில் அதே போர்ட்மேன் அப்படி ஓட்டியபோது 49.441 கி.மீ. மெர்க்ஸைவிடப் பத்தே மீட்டர் கூடுதல். நான்கு வயது கூடிவிட்டது என்பதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், ஒரே மனிதரிடம் ஏறத்தாழ 7 கி.மீ. குறைந்திருக்கிறது. (மெர்க்ஸ் ஓட்டிய மெக்சிகோ நகரம் கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல். காற்றின் அடர்த்தி நம் ஊரைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதையும் வகுப்பில் சொல்லலாம். பிள்ளைகள் ‘போங்காட்டம்’ என்பார்கள்.)

சரி, இவர்கள் எல்லாம் மணிக்கு 50 கி.மீ. வேகக்காரர்கள். மணிக்கு 30 கி.மீ. போகும் எனக்கு என்ன கிடைக்கும்?

இங்கே நாம் நடத்தும் பாடத்திலேயே ஒரு சறுக்கல் இருக்கிறது. பதினோராம் வகுப்பில் ஸ்டோக்ஸ் விதி வருகிறது. பாகியல் விசை திசைவேகத்துக்கு நேர்விகிதம். மாணவர்கள் அதையே சைக்கிளுக்கும் பொருத்திவிடுகிறார்கள். எண்ணெயில் மெதுவாக இறங்கும் சிறு கோளத்துக்கு அது சரி. சைக்கிள் ஓட்டுபவருக்குக் காற்றுத்தடை வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதம். வேகம் இரட்டித்தால் தடை நான்கு மடங்கு. அதை எதிர்க்கத் தேவைப்படும் திறன் எட்டு மடங்கு. உருளும் உராய்வு அப்படி அல்ல, வேகம் கூடினாலும் பெரிதாக மாறாது.

கரும்பலகையில் கணக்குப் போட்டோம். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ, சமதளச் சாலை, காற்று வீசவில்லை. முன்கம்பியில் குனிவதால் காற்றுத்தடை எட்டில் ஒரு பங்கு குறைகிறது என்று வைத்துக்கொண்டோம். மணிக்கு 30 கி.மீ. போகிறவர் 40 கி.மீ. தூரத்துக்கு 80 நிமிடம் எடுப்பார். அதே மிதிக்கு அவருக்கு மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல் மிச்சம். மணிக்கு 36 கி.மீ. போகிறவருக்கு? வகுப்பே ‘அவருக்குத்தான் அதிகம்’ என்றது. நானும் அப்படித்தான் நினைத்தேன். கணக்கு வேறு சொன்னது: அவருக்கு ஏறத்தாழ 2 நிமிடம் 40 விநாடிதான். சதவீதத்தில் வேகக்காரருக்குக் கொஞ்சம் கூடுதல் லாபம் உண்மைதான். ஆனால் மெதுவாகப் போகிறவர் சாலையில் அதிக நேரம் இருக்கிறார், அதனால் அவருக்கு மிச்சமாகும் நிமிடம் அதிகம்.

ஆக, கம்பிக்குக் கொடுத்த காசு வீண் இல்லை. உண்மையில் அது கம்பி அல்ல, குனிதல். காற்றுத்தடையின் பெரும்பங்கு சைக்கிளால் வருவது இல்லை, நம் உடம்பால் வருவது. ஹெல்மெட்? இரண்டு சதவீதம் குறைக்கிறது என்று தாராளமாக வைத்தாலும் அரை நிமிடம். என் முதல் போட்டியில் நீச்சல் முடிந்து வந்து ஷூ எங்கே வைத்தேன் என்று தேடியதிலேயே அதற்கு மேல் போயிருக்கும்.

கணக்கு ஒன்று, சாலை ஒன்று. வெளிவட்டச் சாலையின் அணுகு சாலையில் ஒரே துண்டைப் போக, வர என்று பல நாள் ஓட்டி நேரம் குறித்தேன். குனிந்தால் குறைவது தெரிந்தது. ஹெல்மெட் மாற்றினால் ஒன்றும் தெரியவில்லை. அது வேலை செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு நாளுக்கும் மறுநாளுக்கும் காற்றால் வரும் வித்தியாசமே அதைவிடப் பெரிதாக இருந்தது. லாரி ஒன்று பக்கத்தில் போனால் போதும், அன்றைய அளவீடு கெட்டது. நாய் துரத்திய நாளை நான் கணக்கில் சேர்க்கவில்லை. அன்றுதான் என் சிறந்த நேரம்.

இதை மாணவர்களுக்குக் காட்ட, எங்கள் மைதானத்தின் ஓரத்திலுள்ள சிறு மேட்டைப் பயன்படுத்தினோம். அரசு கொடுத்த சைக்கிள்தான். மேட்டிலிருந்து மிதிக்காமல் உருள விட்டு, நிற்கும் இடத்தில் சுண்ணாம்புக் கோடு. மிதிக்காததால் யார் கால் பலசாலி என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒரே மாணவன், ஒரே சைக்கிள், நிமிர்ந்து பத்து முறை, குனிந்து பத்து முறை. இரண்டு வகைக் கோடுகளும் ஒன்றுக்குள் ஒன்று கலந்து கிடந்தன. அந்த மெதுவான வேகத்தில் காற்றுத்தடை அவ்வளவு சிறிது. வேகமாகப் போகலாம் என்று மட்கார்டையும் கேரியரையும் கழற்றி வைத்திருந்த மாணவன் தன் சைக்கிளைக் கொண்டுவந்தான். அதிலும் ஒன்றும் தெரியவில்லை. அவன் முகம் போன போக்கைப் பார்த்து, அகலச் சக்கரத்துக்கு விலை கேட்ட என்னை நினைத்துக்கொண்டேன்.

அடுத்து ஒரு மாணவியின் சைக்கிள். தள்ளிவிட்டதும் பாதியிலேயே நின்றது. பத்து முறையும் அப்படியே. டயரைக் கட்டைவிரலால் அழுத்தினால் விரல் உள்ளே போனது.

அந்த மாணவி திருநின்றவூர் பக்கமிருந்து 6 கி.மீ. மிதித்து வருகிறவள். அந்த மாதத்தில் மட்டும் பல நாள் தாமதம். வகுப்பாசிரியர் நான்தான். இரண்டு முறை வாசலில் நிற்க வைத்திருக்கிறேன். “சீக்கிரம் கிளம்பக் கூடாதா?” என்று கேட்டிருக்கிறேன். அவள் “கிளம்பினேன் சார்” என்றுதான் சொன்னாள்.

கரும்பலகைக்குத் திரும்பினோம். அவளும் சைக்கிளும் புத்தகப் பையும் சேர்ந்து 70 கிலோ. சரியாகக் காற்றடித்த டயரில் மணிக்கு 14 கி.மீ.க்குச் சற்று மேல் போனால் 25 நிமிடத்தில் பள்ளி வந்துவிடலாம். இந்த வேகத்தில் காற்றுத்தடையும் உருளும் உராய்வும் ஏறத்தாழ சமம். காற்று இறங்கிய டயரால் உருளும் உராய்வு இரண்டு மடங்கை நெருங்குகிறது என்று வைத்தால், அதே மிதிக்கு 32 நிமிடம். ஏழு நிமிடம்! நான் ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கியது மூன்று நிமிடம்.

வகுப்பு அமைதியாக இருந்தது. நானும்தான். அன்று மாலை அவளிடம், “நிற்க வைத்தது என் தப்பும்மா” என்றேன். அவள் சிரித்துவிட்டு, “வால்டியூப் போயிடுச்சு சார், அப்பா வந்ததும் மாத்தணும்” என்றாள்.

1949இல் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தால் சைக்கிளுக்குப் பெயர் பெற்ற ஊர் நம் அம்பத்தூர். 2001-02இல் தொடங்கிப் படிப்படியாக விரிந்த விலையில்லா மிதிவண்டித் திட்டத்தால் நம் பிள்ளைகள் கையில் சைக்கிள் இருக்கிறது. ஆனால் பல தெருக்களில் இப்போது பைக்குக்குத்தான் பஞ்சர் கடை. சைக்கிள் வால்டியூப் கேட்டால் இல்லை என்கிறார்கள். எங்கள் சைக்கிள் ஸ்டாண்டில் ஒரு கால் பம்பு வாங்கி வைத்தோம். வால்டியூப் ஒரு கட்டு, எண்ணெய் ஒரு குப்பி. திங்கட்கிழமை காலையில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் முறை வைத்துக் காற்றுப் பார்க்கிறார்கள். சக்கரத்துக்காக எடுத்து வைத்திருந்த பணத்தில் கொஞ்சம்தான் இதற்குச் செலவாயிற்று. மீதியைப் பற்றி வீட்டில் சொல்லிவிட்டேன்.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு சொல். கணக்கெல்லாம் வேண்டாம். ஒரு பெரிய அட்டையை முகத்துக்கு நேராகப் பிடித்து ஓடச் சொல்லுங்கள், பிறகு பக்கவாட்டில் திருப்பிப் பிடித்து ஓடச் சொல்லுங்கள். ஒன்றாம் வகுப்புக் குழந்தையின் கை அதைச் சொல்லிவிடும். கடற்காற்று உள்ளே வரும் மாலை நேரத்தில் கிழக்குப் பக்கம் பார்த்து ஓடவிட்டால் இன்னும் நன்றாகத் தெரியும்.

கேள்வி கேட்ட மாணவனிடம் மூன்று நிமிடம் என்று சொன்னேன். “அதுக்கு எவ்வளவு சார் ஆச்சு?” என்றான். அதையும் சொன்னேன். நோட்டில் ஏதோ வகுத்தல் போட்டான், என்னிடம் காட்டவில்லை.

எங்கள் பம்பின் தோல் வாஷர் தேய்ந்துவிட்டது. ஆவடி, பட்டாபிராம் பக்கம் எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் உணவு இடைவேளையில் சொல்லுங்கள்.