புள்ளிக் கணக்கில் கட்டிய வீடு

இந்த எபிசோடுல ஒரு செட்டிநாட்டு வீட்டுக்குள்ள போகப்போறோம். காரைக்குடி, கானாடுகாத்தான், ஆத்தங்குடிப் பக்கம், 20-ஆம் நூற்றாண்டின் முதல் முப்பது வருஷத்தில் இப்படிப் பல வீடுகள் எழுந்தன. பர்மா தேக்குத் தூண், இத்தாலிப் பளிங்கு, முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சு எல்லாம் கேள்விப்பட்டிருப்பீங்க. எனக்கு அதைவிட முக்கியமாப் படுறது, வளவைச் சுத்தி வரிசையா இருக்கிற கதவுகள்.

முன்வாசல்ல நின்னா முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி தாண்டிப் பின்வாசல் வரைக்கும் ஒரே நேர்கோட்டுல தெரியும். பல வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில்தான் முடியும். வளவின் நடுவே திறந்த முற்றம். வெளிச்சமும் காத்தும் மழைத்தண்ணியும் அது வழியா வரும். சுற்றியுள்ள அறைகள் மகன்களுக்கு. கல்யாணமான ஒவ்வொரு மகனும் நகரத்தார் கணக்கில் ஒரு 'புள்ளி'. கோயில் வரியும் புள்ளிக்கு இவ்வளவுன்னுதான். கல்யாணத்துக்கு அப்புறம் அவரை 'வேறு வைப்பாங்க': அதே கூரைக்குக் கீழே தனி அறை, தனிச் சமையல், தனிக் கணக்கு.

பணம் பெரும்பாலும் பர்மா வட்டித்தொழிலில் வந்தது. 1930-களின் பொருளாதார மந்தத்துல கடன் திரும்பல. பதிலுக்கு நெல்வயல்கள் கைக்கு வந்துச்சு. 1942-ல ஜப்பான் படை பர்மாவைப் பிடிச்சது. 1948-ல சுதந்திர பர்மா நிலங்களைத் தேசியமயமாக்கச் சட்டம் போட்டது. வரும்படி நின்னுபோச்சு. பங்கு மட்டும் பெருகிச்சு. நாலு மகன்கள், ஆளுக்கு மூணு வாரிசுன்னு வைங்க. அடுத்த தலைமுறையில 12, அதுக்கடுத்து 36. ஒருத்தர் சிங்கப்பூர்ல, ஒருத்தர் சென்னையில. ஓடு நழுவினா யார் செலவு? ஒரு மழைக்காலம் தள்ளிப்போட்டா உத்திரத்துல தண்ணி இறங்கும், அப்புறம் கரையான். ரிப்பேருக்கு ஒத்துப்போகாதவங்க கடைசியில இடிக்க ஒத்துப்போறாங்க. கதவும் தூணும் காரைக்குடிப் பழம்பொருள் கடைக்கு வந்துடும்.

2014-ல செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியல்ல ஏறிச்சு. சில வீடுகள் ஓட்டலாகிப் பிழைச்சிருக்கு. நல்லதுதான். ஆனா நான் பார்த்தவரைக்கும், பங்காளிகள் பொதுப் பணம் போட்டு வருஷா வருஷம் கூரையைக் கவனிக்கிற வீடுதான் தெம்பா நிக்குது. அங்கே இன்னைக்கும் வளவுல கல்யாணம் நடக்குது.

உங்க குடும்பத்துலயும் பங்குல கிடக்குற வீடு இருந்தா, அடுத்த விசேஷத்துக்குக் கூடும்போது, பந்திக்கு முன்னாடி கூரைக் கணக்கைப் பேசிடுங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.