சிவப்பு ரயிலும் உப்பளக் கரையும்



கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் போயிருப்பவர்களுக்கு மரக்காணம் தெரிந்திருக்கும். சாலையோரம் பாத்தி பாத்தியாக உப்பளம், 3,000 ஏக்கருக்கு மேல். வெயில் ஏறிவிட்டால் அந்த வெள்ளையில் கண் கூசும். அதனால் வேலைக்கு வருகிறவர்கள் விடிவதற்கு முன்பே பாத்தியில் இறங்கிவிடுகிறார்கள். நீளக் கழியின் நுனியில் பலகை அடித்த வாருபலகையை இழுக்க இழுக்க, அடியில் படிந்த உப்பு நறநறவென்று நொறுங்கி வரப்போரம் வந்து குவியும். நாள் முழுக்க உப்புநீரில் நிற்கிற கால். பாதம் வெடித்திருக்கும், விரலிடுக்கில் புண் ஆறாது.

இந்த ஊரைத்தான் சிறுபாணாற்றுப்படை பேசும் எயிற்பட்டினம் என்று ஆய்வாளர்கள் அடையாளம் காண்கிறார்கள். நல்லியக்கோடன் ஆண்ட ஓய்மாநாட்டுத் துறைமுகம். அந்த நூலில் உப்பு விற்கும் உமணர் குடும்பம் குடும்பமாக வண்டி கட்டிக்கொண்டு போகிறார்கள். அவர்கள் பிள்ளைபோல் வளர்க்கும் மந்தி ஒன்று, அவர்களின் குழந்தைகளோடு சேர்ந்து கிலுகிலுப்பை ஆட்டி விளையாடுகிறது. அரசனைப் பாட வந்த புலவர், வழியில் போகும் ஒரு வண்டிக் குடும்பத்துக்காக நின்று பார்த்திருக்கிறார். குடும்பத்தை அருகில் போய்ப் பார்க்கும் கலை தமிழுக்குப் புதிதன்று.

மரக்காணத்திலிருந்து அதே சாலையில் தெற்கே போனால், புதுச்சேரி எல்லைக்குச் சற்று முன்னால் கீழ்ப்புத்துப்பட்டு வரும். மஞ்சனீஸ்வரர் அய்யனார் கோயிலால் அறியப்பட்ட ஊர். ஈழத்திலிருந்து வந்தவர்களின் பெரிய முகாம் ஒன்றும் அங்கே இருக்கிறது. 2021 ஆகஸ்டு வரை 'அகதிகள் முகாம்' என்றிருந்த பெயரை, 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று தமிழக அரசு மாற்றியது. இன்னும் தெற்கே புதுச்சேரி. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடிய 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்த பிரதேசம். 1962-இல் அந்த இணைப்பு சட்டப்படி முடிந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்துத் திரும்பிய 'சொல்தா' வீடுகளில் அண்ணன் ஒரு நாட்டுக்காரன், தம்பி வேறு நாட்டுக்காரன் ஆனதெல்லாம் அப்படித்தான்.

இத்தனையும் ஒரு மணி நேரத்துக்குள் அடங்கிவிடும் பயணம். பிரிந்த தாயகம் என்ற சொல்லை இங்கே வீட்டுக்கு வீடு வேறு பொருளில் புரிந்துவைத்திருக்கிறார்கள். இந்தக் கரையின் குடும்பங்கள் தங்கள் கதையைத் தாங்களே படமாக்க வேண்டும். அதற்கு முன்னால், அப்படிப்பட்ட படத்தைக் கையில் எடுத்தவர்கள் என்னென்ன பட்டார்கள் என்று தெரிந்துகொள்வது நல்லது.

ஜூட் ரத்னம் 1983 ஜூலையில் ஐந்து வயதுச் சிறுவன். கொழும்பில் தமிழர்களைத் தேடித் தேடிக் கொன்றுகொண்டிருந்த நாட்களில், ஒரு சிவப்பு ரயிலில் வடக்கே தப்பிப் போனார். வளர்ந்து படமெடுக்க வந்த பிறகு, அதே பாதையில் தெற்கிலிருந்து வடக்கே ரயிலேறினார். பத்தாண்டு உழைப்பில் உருவான 'டீமன்ஸ் இன் பாரடைஸ்' 2017-இல் கான் விழாவின் சிறப்புத் திரையிடலில் காட்டப்பட்டது. படத்தின் நடுவே நிற்பவர் அவருடைய மாமா. ஆயுதம் ஏந்திய இயக்கமொன்றில் இருந்து, பிறகு கனடாவுக்குப் போய்விட்டவர். பல்லாண்டுகளுக்குப் பிறகு ஊர் திரும்பும் அவர், ஒரு காலத்தில் தம்மை ஒளித்துவைத்துக் காத்த சிங்களக் குடும்பத்தைத் தேடிப் போகிறார். இன்னோரிடத்தில், வெவ்வேறு இயக்கங்களில் இருந்தவர்கள் ஒன்றாக உட்கார்ந்து, தமிழர் கையால் தமிழர் செத்ததைப் பேசுகிறார்கள்.

அந்தக் காட்சி பலரைக் கொதிக்க வைத்தது. 2018-இல் யாழ்ப்பாணத் திரைப்பட விழாவில் திரையிட இருந்த படம், எதிர்ப்பு எழுந்ததால் விலக்கிக்கொள்ளப்பட்டது. அரசின் கொடுமையை விட இயக்கங்களுக்குள் நடந்த கொலைகளுக்குப் படம் கூடுதல் இடம் தருகிறது என்பது எதிர்த்தவர்களின் வாதம். அது லேசாகத் தள்ளிவிடக்கூடிய வாதமன்று. பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் நின்று பார்த்தால் அதன் கனம் தெரியும். ஆனாலும் அந்த வாதத்தைப் படம் ஓடி முடிந்த அரங்கில் எழுப்பியிருக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் எடுத்த படத்தை யாழ்ப்பாணம் பார்த்துவிட்டுச் சண்டை போடும் வாய்ப்பு அன்று கைநழுவியது. அது இழப்புதான்.

இதற்கு முன்னும் ஒரு குடும்பம் இப்படிக் காமிராவின் முன் வந்து நின்றிருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் கற்பித்தவரும் 'முறிந்த பனை' நூலை எழுதியவர்களில் ஒருவருமான ராஜினி திரணகம 1989 செப்டம்பர் 21 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். அவரைப் பற்றி ஹெலன் குளோடாவ்ஸ்கி 2005-இல் எடுத்த 'நோ மோர் டியர்ஸ் சிஸ்டர்' படத்தின் மீள்நடிப்புக் காட்சிகளில், ராஜினியாக வந்தவர் அவருடைய சொந்த மகள் ஷரிகா. தாயைச் சிறுவயதில் இழந்த பெண், வளர்ந்தபின் திரையில் தாயாகவே நடந்து காட்டினார்.

இனி கடல் தாண்டி ஜப்பானுக்கு. யாங் யோங்-ஹி ஒசாகாவில் பிறந்த கொரியப் பெண். தந்தை வடகொரிய ஆதரவு அமைப்பின் தலைவர்களில் ஒருவர். 1970களின் தொடக்கத்தில் தம் மூன்று மகன்களையும் கப்பலேற்றி வடகொரியாவுக்கு அனுப்பிவைத்தார். ஆறு வயதுத் தங்கை மட்டும் வீட்டில். அதன்பின் அம்மா காலமெல்லாம் பெட்டி கட்டினாள்: மருந்து, பென்சில், குளிருக்கான பொருள்கள். இந்த அரங்கிலும் ஊருக்கு அட்டைப்பெட்டி கட்டி அனுப்பிய கைகள் நிறைய இருக்கும்; அந்த அம்மாவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 2005-இல் வெளிவந்த 'டியர் பியாங்யாங்' படத்தில் மகள், வீட்டில் பனியனோடு உட்கார்ந்திருக்கும் அப்பாவிடம் விளையாட்டும் வினயமுமாகப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்கிறாள். பல வருடப் பேச்சுக்குப் பிறகு ஒரு நாள் அவர், பிள்ளைகளை அனுப்பியிருக்க வேண்டாமோ என்று வாய்விட்டுச் சொல்கிறார். அந்த ஒரு வாக்கியத்துக்கு மகள் கொடுத்த விலை பெரிது. அதன்பின் வடகொரியாவுக்குள் கால்வைக்க அவருக்கு அனுமதி இல்லை. அண்ணன்மாரைப் பார்க்கும் வழி அடைபட்டது.

கதை அங்கே முடியவில்லை. வடகொரியாவின் மேல் அம்மாவுக்கிருந்த பிடிவாத விசுவாசம் மகளுக்கு நெடுநாள் புரியவே இல்லை. தள்ளாத வயதில்தான் அம்மா வாய்திறந்தார். 1948-இல் தென்கொரியாவின் ஜெஜு தீவில் நடந்த படுகொலைகளின்போது அவருக்கு 18 வயது. மணம் பேசியிருந்தவர் கொல்லப்பட, தம்பி தங்கையை இழுத்துக்கொண்டு ஜப்பானுக்குத் தப்பி ஓடி வந்தவர் அவர். தென்கொரிய அரசின் மேல் அவருக்கிருந்த வெறுப்பின் வேர் அது. சொல்லிய சில காலத்திலேயே நினைவு மங்கத் தொடங்கிவிட்டது. 2021-இல் வந்த 'சூப் அண்ட் ஐடியாலஜி' அந்தத் தாயின் படம். மகள் இன்னும் இரண்டு மூன்று வருடம் தாமதித்திருந்தால் கேட்டாலும் சொல்ல அம்மாவுக்கு நினைவு இருந்திருக்காது.

வெளிநாட்டுக்குப் போன குடும்பங்களுக்கு இன்னும் நெருக்கமான ஒன்று, சந்தியா சூரியின் 'ஐ ஃபார் இந்தியா'. 1965-இல் இங்கிலாந்துக்கு வந்த மருத்துவரான அவருடைய தந்தை, சூப்பர் 8 காமிரா, புரொஜெக்டர், ஒலிநாடாக் கருவி எல்லாவற்றிலும் இரண்டிரண்டு வாங்கினார். ஒரு செட் தமக்கு, மற்றது இந்தியாவிலிருக்கும் வீட்டுக்கு. கடிதத்துக்குப் பதிலாகப் படமும் குரலும் போய்வந்தன. மகள் அந்தச் சுருள்களிலிருந்தே படம் செய்தார்.

கீழ்ப்புத்துப்பட்டுக்குத் திரும்பலாம். அங்கே எடுக்கப்படும் குடும்பப் படத்தில் ஒரு தேதி கட்டாயம் வரும்: 1987 ஜூலை 1. அதற்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். அதன்பின் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 1983 கலவரத்தில் ஓடிவந்த ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 1986-இல் இங்கே பிறந்த அக்கா சட்டப்படி இந்தியக் குடிமகள். 1988-இல் அதே தாய்க்குப் பிறந்த தம்பிக்கு அந்த உரிமை இல்லை. ஒரே பள்ளிக்கூடம், ஒரே பேச்சு. 2019-இல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டமும் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்காளதேசத்திலிருந்து வந்தவர்களைத்தான் பேசியது. இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. இந்த அக்காவும் தம்பியும் ஒரு திண்ணையில் உட்கார்ந்து தங்கள் காகிதங்களைப் அருகருகே விரித்துவைத்தால், அந்த ஐந்து நிமிடக் காட்சி எந்த அறிக்கையையும் விடத் தெளிவாகப் பேசும்.

ஆனால் வெளியாள் காமிராவைத் தூக்கிக்கொண்டு அங்கே நுழைந்துவிட முடியாது, அதிகாரிகளின் அனுமதி வேண்டும். அதைவிட முக்கியம், அங்கிருப்பவரின் சம்மதம். குடியுரிமை இல்லாதவர் சொல்லும் ஒரு வார்த்தை அவரது அடுத்த விண்ணப்பத்தைப் பாதிக்கலாம். அக்கரையில் இருக்கும் உறவையும் பாதிக்கலாம். படம் எடுத்த பிறகும் 'வேண்டாம்' என்று சொல்லும் உரிமை அவருக்கு இருக்க வேண்டும். ஒரு படம் உறவுக்கான வழியையே அடைத்துவிடலாம் என்பதற்கு யாங் யோங்-ஹியின் அனுபவமே சான்று. அதனால்தான் முகாமில் வளர்ந்த பிள்ளைகளே காமிராவைப் பிடிக்க வேண்டும். எந்தக் கேள்வியை அம்மாவிடம் கேட்கலாம், எதைக் கேட்டால் அவர் இரவெல்லாம் தூங்கமாட்டார் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். இன்று கைபேசியே போதும். படம் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை, குரல் தெளிவாக விழ வேண்டும். உப்பளக் கரையில் காற்று ஓயாது. ஒலிவாங்கியைச் சட்டைக்குள் மறைத்துவைத்து, கடலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் பேச்சு தப்பும்.

இதில் தமிழ்ச் சங்கங்கள் செய்யக்கூடியது நிறைய. முகாம் பிள்ளைகளில் நாலைந்து பேருக்கு ஒலிவாங்கியும் படத்தொகுப்புப் பயிற்சியும் கிடைக்கச் செய்யலாம். அடுத்த ஆண்டு விழாவில் பட்டிமன்றத்துக்கு ஒதுக்கும் நேரத்தில் பாதியை, உறுப்பினர் வீடுகளில் எடுத்த பத்து நிமிடப் படங்களுக்குத் தரலாம். பேச்சை மேடைத் தமிழாகத் திருத்த வேண்டாம். வல்வெட்டித்துறைக்காரர் வல்வெட்டித்துறைப் பேச்சிலும், மரக்காணத்துக்காரர் மரக்காணத்துப் பேச்சிலும் பேசட்டும். 2005 முதல் ஈழத்து ஆவணங்களைச் சேர்த்துவரும் நூலகம் நிறுவனம் ஒலி, ஒளிப் பதிவுகளையும் காக்கிறது. ஒரு பிரதி அங்கே போகலாம்.

தாத்தா பாட்டியைச் சோபாவில் உட்காரவைத்து விளக்கைப் போட்டால் அவர்கள் விருந்தாளிபோல் பேசுவார்கள். மீன் கழுவும்போது, பெட்டி கட்டும்போது பக்கத்தில் உட்காருங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று காலையில் என்ன சமைத்தீர்கள் என்று கேளுங்கள். பதில் வரும்வரை காமிராவை நிறுத்தாதீர்கள்.