பெரட்டு இல்லாத காலை



கேமரன் மலையில் விடிகாலை என்றாலே குளிர். போர்வையை விலக்கி நடக்கப் போக யாருக்குத்தான் மனம் வரும்? ஆனால், இதே குளிரில் ஒரு தலைமுறையே இருட்டோடு எழுந்தது. 1929-இல் தொடங்கப்பட்ட போ தேயிலைத் தோட்டத்திலும் அக்கம் பக்கத்துத் தோட்டங்களிலும் நம் பெண்கள் கூடையைச் சுமந்து மேடு பள்ளம் ஏறி இறங்கினார்கள். அவர்களுக்கு மன உறுதி பற்றி யாரும் வகுப்பு எடுக்கவில்லை. பெரட்டு இருந்தது. பெரட்டுக்கு வராதவருக்கு அன்றைய கூலி இல்லை, அவ்வளவுதான்.

அது உடற்பயிற்சி அல்ல. முதுகும் முழங்காலும் தேய்ந்த உழைப்பு. அதைப் புகழ வேண்டியதில்லை. ஆனால், அந்த உழைப்பு நின்றபோது அதன் இடத்தில் வேறெதுவும் வரவில்லை. இன்று கத்தரியும் இயந்திரமும் கொழுந்தை வெட்டுகின்றன. அவற்றைப் பிடிப்பவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். தோட்டத்துப் பிள்ளைகள் தானா ராத்தா, பிரிஞ்சாங் கடைகளிலும் அலுவலகங்களிலும் வேலை பார்க்கிறார்கள். போக வர மோட்டார் சைக்கிள். சோற்றின் அளவு மட்டும் குறையவில்லை!

2019-இல் நடந்த தேசிய சுகாதார ஆய்வில், நாட்டின் பெரியவர்களில் நூற்றுக்கு 18 பேருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது நூற்றுக்கு 31. வீட்டில் 'இனிப்பு நீர்' என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு மாத்திரையோடு நின்றுவிடுகிறார்கள்.

உட்கார்ந்தே செய்யும் வேலை உடலை என்ன செய்யும் என்பதை 1953-லேயே லண்டனில் மருத்துவர் ஜெரி மோரிஸ் காட்டினார். மாடி பஸ்ஸில் நாள் முழுதும் படியேறி இறங்கிய கண்டக்டர்களைவிட, உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களுக்கு இருதய நோய் அதிகம் வந்தது.

சரி, எப்படித் தொடங்குவது? உற்சாகம் வரட்டும் என்று காத்திருப்பவர் காத்துக்கொண்டேதான் இருப்பார். தோட்டத்து மக்களை எழுப்பியது உற்சாகமா? குறித்த நேரமும், அங்கே கூடி நிற்கும் ஆட்களும்தானே! கூலி பிடிக்க மண்டோர் இல்லை என்றாலும், பக்கத்து வீட்டு அக்கா வாசலில் காத்திருந்தால் போர்வைக்குள் கிடக்க முடியாது.

முதல் வாரம் பத்து நிமிடம் போதும். உலக சுகாதார நிறுவனம் கேட்பது வாரத்திற்கு 150 நிமிட வேக நடை. ஒரே மூச்சில் நடக்க வேண்டியதில்லை, சிறு சிறு நடையும் கணக்கில் சேரும் என்று 2020-இல் அது தெளிவாகவே சொல்லிவிட்டது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வு ஒன்றில், புதுப் பழக்கம் தானாக நடக்கச் சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18, சிலருக்கு 254. இடையில் ஒரு நாள் தவறியது பழக்கத்தைக் கெடுக்கவில்லை. ஆகவே, மழையில் ஒரு நாள் விட்டுப்போனதற்காக மொத்தத்தையும் கைவிடத் தேவையில்லை.

இங்கே மதியத்திற்குப் பிறகு மழையை நம்ப முடியாது, காலைதான் உகந்தது. வார இறுதியில் பெரிய சாலையில் கார் நெரிசல். குடியிருப்புக்குள் இருக்கும் பாதையே மேல். காட்டுப் பாதையில் தனியாக வேண்டாம். 1967-இல் இதே மலையில் தனியே உலாவப் போன பட்டு வியாபாரி ஜிம் தாம்சன் இன்றுவரை கிடைக்கவில்லை! நீரிழிவு மருந்து எடுப்பவர்கள் முதலில் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். நடந்து வந்ததும் பாதத்தைப் பார்க்க வேண்டும்.

நாளை ஏழேகாலுக்கு, வெளிச்சம் வந்ததும், யார் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்பதை இன்று இரவே பேசி வைத்துக்கொள்ளலாம்.