கைத்திறன் மட்டும் போதுமா?

கண்புரையை அகற்றும் சத்திரசிகிச்சை உலகில் மிகுதியாக நடைபெறுவனவற்றுள் ஒன்று. பெரும்பாலும் அரை மணி நேரத்துள் அது முடிந்துவிடும். ஆயினும், அச்சிறு பொழுதில் நிபுணரின் கருவி கண்வில்லையின் பின்னுறைக்கு மிக அண்மையில் இயங்குகின்றது. அவ்வுறையின் நடுப்பகுதி ஏறக்குறைய 4 மைக்கிரோன் தடிப்பே உடையது. தலைமயிரின் தடிப்பிற் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

அவ்வுறை கிழிந்துவிட்டால், பதறிய கை கருவியை உடனே வெளியே இழுக்க முற்படும். அதுவே பெருந்தவறு. கருவி வெளிவந்ததும் கண்ணின் முன்னறையில் அமுக்கம் குறையும், பின்னேயுள்ள பாகு போன்ற பொருள் கிழிசலின் வழியே முன்னே தள்ளும், கிழிசல் பெரிதாகும். ஆகவே, கருவியை இருந்த இடத்திலேயே வைத்து, உறிஞ்சுதலை மட்டும் நிறுத்தி, மற்றொரு துளையினூடாகப் பசை மருந்தைச் செலுத்தி அறையை நிரப்பிய பின்னரே அதனை எடுத்தல் வேண்டும்.

இதனை நிபுணர் தனித்துச் செய்தல் இயலாது. மருந்தைத் தாதி நீட்ட வேண்டும். இயந்திரத்தை மாற்றியமைக்க வேண்டும். வேறு வில்லை தேட வேண்டும். நோயாளியோ பெரும்பாலும் விழித்திருக்கின்றார். விறைத்திருப்பது கண்தான், செவியன்று. பதற்றமான ஒரு சொல் அவர் தலையை அசைப்பதற்குப் போதுமானது.

இத்தகைய நெருக்கடியிற் பேச்சின் பெறுமதியை விமானத்துறை முன்னரே கற்றது. 1977 மார்ச் 27 அன்று தெனரீஃப் தீவின் ஓடுபாதையில் இரு விமானங்கள் மோதி 583 பேர் மாண்டனர். மற்றைய விமானம் பாதையை விட்டு நீங்கவில்லையோ என்று விமானப் பொறியியலாளர் வினவினார். அனுபவம் மிக்க தலைமை விமானி அதனைப் பொருட்படுத்தவில்லை. பின்னாளில் விமானிகளுக்குப் பறக்கும் திறனுடன், சொல்லவும் கேட்கவும் பயிற்சி அளிக்கப்பட்டது. ஸ்கொத்லாந்தில் அபடீன் பல்கலைக்கழகத்தாரும் எடின்பரோ சத்திரசிகிச்சையாளர் கல்லூரியினரும் சத்திரசிகிச்சையாளருக்கு வேண்டிய இத்திறன்களை நான்காக வகுத்தனர்: நிலைமையை உணர்தல், முடிவு செய்தல், உரையாடிக் கூடியுழைத்தல், தலைமை தாங்குதல்.

இவற்றைப் பழகும் வழி ஒத்திகையே. செயற்கைக் கண்ணுடன் ஒரு கூடம் அமைக்கப்படும். நிபுணரும் தாதியரும் தத்தம் இடத்தில் நிற்பர்; நோயாளியாக ஒருவர் நடிப்பார். முன்னறிவிப்பின்றி உறை கிழிந்ததென்று பயிற்சியாளர் அறிவிப்பார். அல்லது தவறான வில்லை நீட்டப்படும். ஒத்திகை முடிந்ததும் அனைவரும் அமர்ந்து ஆராய்வர். முதலிற் கண்டவர் யார்? கண்டதைச் சொன்னாரா? சொன்னது நிபுணரின் செவியில் ஏறியதா?

இதற்கு விலையுயர்ந்த இயந்திரம் இன்றியமையாததன்று. ஓய்ந்திருக்கும் சத்திரசிகிச்சைக் கூடமும் சில மணி நேரமும் கிடைத்தாலே தொடங்கலாம். கடினமானது வேறொன்று: இளைய தாதி “ஐயா, சற்றுப் பொறுங்கள்” என்று சொல்லத் துணிய வேண்டும், மூத்த நிபுணர் அதைக் கேட்டுக் கையை நிறுத்த வேண்டும். இவ்விரண்டையும் ஒத்திகையிலே பழகிக்கொண்டால், உண்மையான கண்ணொன்று ஆபத்துக்குள்ளாகும் வேளையில் அப்பழக்கம் தானாகவே கைகொடுக்கும்.